எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொன்ன கர்ப்பிணி

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தங்கைகளே,

உங்களிடம் இப்படிப் பேசுவதற்கு வழக்கமாக யாராவது தலை நரைத்தவர்கள்தான் வருவார்கள். நான் படித்த காலத்திலும் அப்படித்தான். முப்பது வருஷம் வேலை பார்த்த அம்மாள் ஒருவர் வந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தன் அனுபவங்களைச் சொல்லுவார். நாங்கள் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்போம். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. பிள்ளை பெற்றவள் வேலையிலிருந்து விலகிவிட வேண்டும் என்பது நம் இடத்து விதி என்பதால் நானும் ஓய்வு பெற்றவள் ஆகிவிட்டேன். அந்தப் பிள்ளையோ ஓய்வு என்ற வார்த்தையின் அர்த்தத்தையே எனக்கு மறக்கடித்துவிட்டது.

மேட்ரன் அம்மா, புதுப் பெண்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடு என்று சொல்லியனுப்பினார்கள். எதை எழுதுவது என்று ரொம்ப யோசித்தேன். நானே பார்த்த பிரசவங்களில் ஒன்றை எழுதலாம் என்று ஆரம்பித்து, இது பெருமையடிப்பது போல இருக்கிறதோ என்று கிழித்தேன். இன்னொன்றை ஆரம்பித்து, இது அழுகையாக இருக்கிறதோ என்று கிழித்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர், "உனக்கு நடந்ததையே எழுதேன், அதில் நீ நர்ஸும் இல்லை டாக்டரும் இல்லை, சும்மா படுத்திருந்தவள்தானே" என்றார். அது கேலியா யோசனையா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜோகுபாளையத்தில். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேர்தான். எனக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்குப் போக எனக்கு ஒரு தாய் வீடு இல்லாததால், பிரசவம் மாமியார் வீட்டிலேயே என்று முடிவானது. என் மாமியாருக்கு அதில் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கலக்கம். தாயில்லாப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் எங்கள் சர்ச் சபையில் உள்ள அத்தனை பேரும் தன்னைத்தான் சொல்லுவார்கள் என்பது கலக்கம். மருமகளே மருத்துவச்சியாக இருப்பதால் வெளியிலிருந்து ஒருத்தி வந்து போக வேண்டியதில்லை என்பது சந்தோஷம்.

"நீயே எல்லாம் பார்த்துக்குவியே கண்ணு, அப்புறம் இன்னொரு நர்ஸம்மா எதுக்கு?" என்று கேட்டார்.

எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனாலும் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் வீடு வீடாக ஏறி, மாதா மாதம் வந்து காட்டுங்கள் என்று எத்தனை பெண்களிடம் கெஞ்சியிருக்கிறேன். அதை நானே செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று பெயரைப் பதிந்துகொண்டேன். கடமைக்காகத்தான். எங்கள் பக்கத்துக்கு அப்போது வந்துகொண்டிருந்த மருத்துவச்சி யார் என்று பார்த்தால், சம்பூர்ணம்.

சம்பூர்ணம் எனக்கு ஜூனியர். அவள் வார்டுக்கு வந்த புதிதில் அவளுக்கு நகம் வெட்டச் சொன்னது நான். பையை அடுக்கச் சொன்னது நான். கர்ப்பிணியின் வயிற்றில் கை வைப்பதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள் என்று சொன்னதும் நான்தான். அவள் எதற்கும் கோபித்துக்கொண்டதில்லை. 'சரிக்கா' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்க்கையில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை அவள் வந்து என்னைப் படுக்கச் சொன்னபோது நான் படுத்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்து, பிள்ளையின் தலை அங்கே இல்லை, இந்தப் பக்கம், கையை இன்னும் கீழே கொண்டு போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, நீங்க தலையைத் தூக்கினா வயிறு பலகை மாதிரி ஆயிடுது. பிள்ளை எங்க இருக்குன்னு அப்புறமா சண்டை போடலாம். இப்போ படுங்க."

படுத்தேன். எவ்வளவு பேரிடம் அதையே சொல்லியிருக்கிறேன். என் வயிறு என்று வந்ததும் மறந்துபோனது.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. எங்கள் சபையில் அதற்கு ஜெபக்கூட்டம் என்று பெயர். போதகர் வந்து ஜெபம் பண்ணி, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் வளையல்காரச் சாயபு பின்கட்டு வழியாக வருவார். அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு கையிலும் முன்கைப் பாதிவரை கண்ணாடி வளையல் ஏற்றினார்கள். என் கை கொஞ்சம் எலும்பான கை. நழுவாமல் இருக்க வேண்டும் என்று மாமியார் சின்ன அளவாகவே எடுத்திருந்தார். சோப்பு நுரை போட்டு சாயபு ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, 'பிள்ளை பொறந்தாத்தான் இறங்கணும்' என்று என் மாமியாரைப் பார்த்துச் சொன்னார். வளையல் சத்தத்தைத்தான் பிள்ளை உள்ளிருந்து முதலில் கேட்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். நான் படித்தவள்; ஆனாலும் தனியாக இருக்கும்போது கையை வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்ததுண்டு.

எட்டாம் மாதத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் சாயங்காலத்தில் மட்டும். அது எல்லாருக்கும் வருவது. 'நல்ல நீர்தான், பிள்ளை பிறந்தா வடிஞ்சிடும்' என்று மாமியார் பார்லிக் கஞ்சி போட்டுக் கொடுத்தார். அப்புறம் காலையிலும் வீக்கம் இருந்தது. மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கர்ப்பிணி முகம் பூரித்திருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

உங்களுக்கு இப்போதுதான் பாடத்தில் இது வந்திருக்கும். கால் வீக்கம், முக வீக்கம், தலைவலி, கண்ணில் மின்னல், சிறுநீரில் உப்பு என்று நாம் சொல்லும் ஆல்புமின். எனக்கு அந்த வரிசை மனப்பாடம். வார்டில் நான் சேர்ந்த முதல் வருஷம், ஜட்காவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் அது தலைப்பிரசவம்தான். வண்டியிலேயே வலிப்பு வந்துவிட்டது. கால் வீங்கி வாரக்கணக்கில் ஆகியிருந்ததாம், யாரும் வந்து பார்க்கவில்லை, அவளும் யாரிடமும் போகவில்லை. டாக்டரம்மா எவ்வளவோ பாடுபட்டார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவளுடைய அம்மா ஒரு புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தது இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். தெரிந்தவள் அல்லவா முதலில் ஓடியிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தெரிந்ததால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். சொல்லாதவரை அது பார்லிக் கஞ்சியில் வடிந்துவிடக்கூடிய நல்ல நீர்.

ஆனால் கடமை விடவில்லை. ஒரு நாள் மாமியார் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, என் பழைய பையிலிருந்து டெஸ்ட் ட்யூபை எடுத்து, காகிதத்தை மடித்துப் பிடியாகச் சுற்றி, ஸ்டவ்வில் நானே என் சிறுநீரைக் காய்ச்சினேன். மேலே புகை மாதிரி ஒரு வெண்மை படர்ந்தது. அசிட்டிக் ஆசிட் வீட்டில் இல்லை. ஊறுகாய்க்கு வாங்கிய வினிகர் இருந்தது. சொட்டுச் சொட்டாக விட்டேன். வெண்மை கரைந்துவிட்டால் பயமில்லை, கரையாவிட்டால் உப்பு என்பது பாடம். ஜன்னலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது. கறுப்புப் பாவாடைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், கரையாத மாதிரி இருந்தது. திரும்பவும் ஜன்னலுக்குப் போனேன். எனக்கு எந்த இடத்தில் நல்ல பதில் கிடைத்ததோ அந்த இடத்திலேயே நின்றுகொண்டேன். அதற்குள் மாமியார் திரும்பி வந்து, அடுப்படியில் என்ன வாடை என்று கேட்டார். மருந்து என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு அவசரமாக ஒரு பாத்திரத்தை நான் கழுவியதில்லை.

அந்த வாரம் சம்பூர்ணம் வந்தாள். வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். தலைவலி உண்டா? இல்லை. கண் மங்குகிறதா? இல்லை. மேல் வயிற்றில் வலி? இல்லை. நீர் சரியாகப் போகிறதா? போகிறது. கேள்வி அவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எனக்கும் தெரியும். எந்தப் பதில் சொன்னால் அவள் திருப்தியாகப் பையை மூடுவாள் என்பதும் தெரியும். பரீட்சையில் வாய்மொழித் தேர்வுக்கு நின்றவள் போலப் பட்பட்டென்று சொன்னேன். நீரைப் பிடித்துக் கொடுங்கள் என்றபோது, நேற்றுத்தான் நானே பார்த்தேன், ஒன்றுமில்லை என்றேன். என் கண்ணோரத்தில் அன்று காலையிலிருந்து மின்மினி பறந்துகொண்டிருந்தது. வெயில் என்று எனக்கே சொல்லி வைத்திருந்தேன்.

சம்பூர்ணம் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சரிக்கா என்று சிரித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவளும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உள்ளே கோபம். வீடு வீடாகப் போக வேண்டியவள் கீரை ஆய்கிறாளே என்று. இருவரும் பேசுவது காதில் விழுந்தது. மார்க்கெட்டில் கத்திரிக்காய் முற்றல். பெரியம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்று இவள் விசாரித்தாள். எஸ்தர் அக்கா, அதாவது நான், நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்றும் கேட்டாள். மாமியார் மனம் திறந்து பேசினார். சாப்பிடுகிறாள், ஆனால் இரண்டு நாளாகக் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுக் காபியைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள், கவனமில்லை. முன்னெல்லாம் இவள் எந்த ரூமில் இருக்கிறாள் என்று வளையல் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும், இப்போது பூனை மாதிரி நடமாடுகிறாள் என்றார்.

கீரை ஆயும் சத்தம் நின்றது.

சம்பூர்ணம் திரும்பி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினாள். வளையல்கள் அசையவில்லை. சதையில் பதிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகர்த்திப் பார்த்தாள். கீழே நூல் கட்டி இறுக்கியது போலப் பள்ளம். நீர் பிடித்துக் கொடுங்கள் என்றாள். இந்த முறை அது வேண்டுகோளாக இல்லை.

அவள் தன் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக் காய்ச்சினாள். ஆசிட் விட்டாள். வெண்மை தயிர் மாதிரி நின்றது. நான் சும்மா இருந்தேனா? வெளிச்சம் சரியில்லை, ட்யூபை நன்றாகக் கழுவினாயா, இன்னும் ரெண்டு சொட்டு விட்டுப் பார், நேற்று கரைந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாமியார் வாசற்படியில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

இங்கேதான், தங்கைகளே, நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாதாடியிருப்பேன். புத்தகத்தை எடுத்துக் காட்டியிருப்பேன். சீனியர் சொல்கிறாரே என்று ஒருவேளை தயங்கியும் இருப்பேன். சம்பூர்ணம் வாதாடவில்லை. ட்யூபை என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, இது உங்களோடது இல்லை. ஸ்ரீராம்புரத்துல ஒரு வீட்டுக்குப் போறீங்க. தலைப்பிரசவம், எட்டு மாசம். முகம் வீங்கியிருக்கு. மாமியார் சொல்றாங்க தலைவலின்னு. இது அவளோட ட்யூப். என்ன பண்ணுவீங்க?"

"ஜட்கா கூப்பிடுவேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

"அப்போ கூப்பிடலாமா?"

நான் ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சம்பூர்ணம், கண்ணுல மின்னுது" என்றேன். "காலையிலேருந்து. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அவள். "ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போகலாம், வாங்க."

மாமியாருக்கு முதலில் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே ஏறவில்லை. வீட்டில் நடக்க வேண்டியதை அங்கே எதற்குக் கொண்டுபோவது, நாளைக்குச் சபையில் என்ன சொல்லுவார்கள், தாயில்லாப் பெண்ணைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று சொல்லமாட்டார்களா என்று கேட்டார். சம்பூர்ணம் அவரிடம் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வீக்கம் நல்ல நீர் இல்லை, இது முற்றினால் வலிப்பு வரும், படுத்து மருந்து சாப்பிட்டு டாக்டரம்மா கண் முன்னால் இருந்தால் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வர நல்ல வழி இருக்கிறது, இங்கேயே இருந்தால் நான் உறுதி சொல்லமாட்டேன் என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். கவனித்தது நீங்கள்தான் பெரியம்மா, வளையல் சத்தம் இல்லை என்று நீங்கள் சொல்லாவிட்டால் நான் பையை மூடிக்கொண்டு போயிருப்பேன் என்றாள். அது முகஸ்துதி இல்லை, உண்மை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜட்காவுக்குச் சொல்லப் போனார்.

அடுத்த கஷ்டம் வளையல். அவை கையை இறுக்கிக்கொண்டிருந்தன, இன்னும் வீங்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். உடைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மாமியார் முகம் வெளிறிப்போனது. மகன் உயிரோடு இருக்கும்போது மருமகள் கை வளையலை உடைப்பதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? படிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கும் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு ஒரு மாதிரிதான் இருந்தது. சம்பூர்ணம் அதிலும் சண்டைக்கு நிற்கவில்லை. ஜட்கா வரும்வரை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருங்கள் என்றாள். வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நான் சுவரில் சாய்ந்து கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் தகவல் தெரிந்து ஆபீஸிலிருந்து பாதியில் ஓடி வந்தார். உள்ளே நுழைந்தவர் நான் இருந்த கோலத்தைப் பார்த்து, என்ன ஜெபமா என்று கேட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

கைவீக்கம் கொஞ்சம் இறங்கியது. மெல்லிய மல் துணியை உள்ளங்கையில் சுற்றி, தேங்காயெண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகச் சம்பூர்ணம் உருவினாள். ஒன்றுகூட உடையவில்லை. உருவ உருவ மாமியார் அவற்றை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டார். பிள்ளை பிறக்கும்வரை இறங்கக்கூடாது என்பதுதானே, அது என் கையில் இருந்தால் என்ன, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிறேன், அதே சத்தம்தானே அதற்குக் கேட்கும் என்றார். எந்தப் போதகரும் அதற்கு ஆட்சேபம் சொல்லியிருக்க முடியாது.

ஜட்காக்காரரிடம் சம்பூர்ணம், "ஆஹிஸ்தா, பாயி, ஆஹிஸ்தா" என்று, மெதுவாக ஓட்டும்படி, பழைய மெட்ராஸ் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் தலையை மடியில் வைத்து, முந்தானையால் கண்ணுக்கு வெயில் படாமல் மறைத்திருந்தாள். வழியில் வலிப்பு வந்தால் வாயில் வைக்கத் துணி சுற்றிய கரண்டி ஒன்றை இடுப்பில் செருகியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் அதை எடுக்க வேண்டி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருட்டாக்கிய அறையில் பால், பார்லி, தூக்க மருந்து என்று கிடந்தேன். தலைவலி விட்டது, வீக்கம் முழுதாக விடவில்லை. இன்னும் காத்திருப்பது நல்லதில்லை என்று டாக்டரம்மா மருந்து கொடுத்து வலி வரவழைத்தார். பிரசவ அறையில் நான் நல்ல நோயாளியாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். அங்கே இருந்த நர்ஸைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். பாத்திரம் கொதித்ததா, நூல் எங்கே, கதவைச் சாத்து, நாடியைப் பார்த்தாயா என்று ஒவ்வொரு வலிக்கு நடுவிலும் உத்தரவு போட்டேனாம். எனக்கு நினைவில்லை. சம்பூர்ணத்துக்கு அந்த வார்டில் வேலை கிடையாது, ஆனால் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தன் சுற்று முடிந்ததும் வந்திருந்தாள். என் உத்தரவுக்கெல்லாம் அவள், ஆச்சுக்கா, வெச்சாச்சுக்கா, சாத்தியாச்சுக்கா என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதி நடந்தே இருக்காது.

பிள்ளை பிறந்தது. பெண். அழவில்லை.

அந்த நிசப்தத்தை நான் எத்தனையோ தடவை மறுபக்கத்தில் நின்று அனுபவித்திருக்கிறேன். கை வேலையில் இருக்கும்போது அது நீளமாகத் தெரியாது. படுத்திருப்பவளுக்கு அது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நாம் அப்போது பேசமாட்டோம். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். சம்பூர்ணம் முதுகைத் திருப்பியபடி பேசிக்கொண்டே இருந்தாள்.

"வாயைத் துடைக்கிறேன் அக்கா. சின்னப் பிள்ளை, ஆனா கை கால் எல்லாம் அழகா இருக்கு. இப்போ முதுகைத் தேய்க்கிறேன். நாடி இருக்கு, நல்லாவே இருக்கு. துணியை மாத்துறேன். மூக்கைச் சுளிக்கிறா அக்கா. கோபம் வருது இவளுக்கு. இதோ."

பிள்ளை அழுதாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமியாரின் வளையல் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

டாக்டரம்மா கைகழுவப் போனார். நர்ஸ் அறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போனாள். பிள்ளையைப் பஞ்சில் சுற்றி என் பக்கத்தில் வைத்தார்கள். வெளியே மணி அடித்தது. சம்பூர்ணம் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள், வீட்டில் அவளுக்கும் வேலை இருக்கும். எனக்கு நன்றியாக இருந்தது, கூடவே அவளைப் பிடித்து வைத்திருக்கிறோமே என்று சங்கடமாகவும் இருந்தது. நீ போம்மா, இனி ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

உங்களுக்குத் தெரியும், எல்லாம் இன்னும் முடிந்துவிடவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் அந்த வலிப்பு வரலாம். முதல் நாள்தான் ஆபத்து. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுடைய கண் என் முகத்தில் இருந்தது, என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது.

"போகாதே" என்றேன். "கொஞ்ச நேரம் இரு."

சரிக்கா என்றாள். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஸ்டூலை இழுத்து என் பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்காக வைத்திருந்த ரொட்டியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.